சம்பந்தியைப் பலகையில் எழுத முடியாது

எங்கள் குலப்பெயரில் பெரிய மனிதர்கள் என்று யாரும் கிடையாது. எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. பெரிய மனிதர்கள் உள்ள குலத்தில் பிறந்தவர்களும் என்னோடு அதே தண்ணீர்த் தொழிற்சாலையில், அதே இரவு வேலையில், பாட்டிலுக்கு மூடி போடும் அதே இயந்திரத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். பட்டப்படிப்பைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்த ஒரே தெளிவு இது.

ஆனால் மெலுரிட்ஸே குலப்பெயர் சங்கத்துக்குக் குறை இருந்தது. எங்கள் மலைப் பிரதேசமான ராச்சாவில், எங்கள் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குலப்பெயருக்கும் ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் ஒரு தலைவர், ஒரு கொடி, ஆண்டுக்கு ஒரு பெருவிருந்து, தேவாலய வாசலில் ஒரு புகழ்பெற்றோர் பலகை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குலத்தின் பலகையில் ஒரு பேராயர், இரண்டு தளபதிகள், மிலான் வரை போய்ப் பாடிவிட்டு வந்த ஒரு பாடகி. படம், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் போட்டு, மழை படாமல் கூரையும் வேய்ந்திருந்தார்கள்.

எங்கள் பலகையில் மூன்று பேர். முதலாமவர் சிமோனிகா மெலுரிட்ஸே. ஜார் காலத்தில் ரஷ்ய அதிகாரி ஒருவரின் குதிரையைத் திருடிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டவர். பலகையில் அவர் 'பேரரசுக்கு எதிராகக் குதிரைப்படைத் துறையில் செயல்பட்டவர்'. அடுத்தவர் ஒரு பல் மருத்துவர். சோவியத் அமைச்சர் ஒருவருக்குப் பல் பிடுங்கினார். பிடுங்கியது வேறு பல். 'ஆட்சியின் வலியை அருகிலிருந்து கண்டவர்' என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் திரைக் கலைஞர். ஒரு படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் வாளியோடு நடந்து போகிறார். முகம் தெரியாது.

அதற்குக் கீழே பலகை காலி.

"காலின்னு சொல்லாத தம்பி," என்பார் சங்கத் தலைவர் ஸெவெரியன். "அது நம்ம எதிர்காலம்."

ஸெவெரியன் முன்பு கூட்டுப்பண்ணையில் பன்றிப் பிரிவின் இயக்குநராக இருந்தவர். பன்றிகள் போய்விட்டன. இயக்குநர் தங்கிவிட்டார்.

எனக்கும் சங்கத்துக்கும் இருந்த தொடர்பு மேசை தூக்குவது. பெருவிருந்து என்றால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரவேண்டும். இரவு வேலைக்காரன் பகலில் சும்மாதானே இருக்கிறான் என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்பது அவர்களுக்கு எப்போதும் ஒரு புதிய செய்தி.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

சிசானா எங்கள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பகல் வேலை. நான் வெளியே வரும்போது அவள் உள்ளே போவாள். வாசலில் சிகரெட் பிடிக்கிற நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஒரு வருடம் அந்தச் சிகரெட்டை மெதுவாகப் பிடித்தேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"நீ வேலைக்குக் கெளம்புறப்போ நான் வீட்டுக்கு வந்திருப்பேன். நான் கெளம்புறப்போ நீ வீட்டுக்கு வந்திருக்க மாட்ட. சண்டை போடவே நேரம் இருக்காது. இதவிட நல்ல கல்யாணம் எவனுக்குக் கெடைக்கும்? சொல்லு, பண்ணிக்கலாமா வேணாமா?"

"பண்ணிக்கலாம்," என்றேன்.

"யோசிச்சு சொல்லு. ராச்சாக்காரன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்."

திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்தோம். வழக்கப்படி குலத் தலைவருக்குச் சொல்லவேண்டும். ஸெவெரியன் வீட்டுக்குப் போனேன். புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றைக் கூரையிலிருந்து இறக்கி வைத்து, மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு என்ன குலம்?"

"பகோரஷ்விலி. கணவாய்க்கு அந்தப் பக்கம். இமெரேத்திக்காரங்க."

"பகோரஷ்விலின்னா... மல்யுத்த வீரர் நெஸ்டோர்?"

"அவர் தம்பி பொண்ணு. அப்பா அம்மா இல்ல. அவர்தான் வளத்தாரு."

கத்தி நின்றது. நெஸ்டோர் பகோரஷ்விலி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அது என் அப்பா காலத்துச் செய்தி. ஆனாலும் அவர் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கணம் என்ன செய்வதென்று யோசிப்பதுபோல் நின்ற காட்சியை, பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் இன்னும் நடித்துக் காட்டுவார்கள்.

"நமக்குச் சம்பந்தி ஆகப்போறாரு தலைவரே," என்றேன், அவர் சந்தோஷப்படுவார் என்று.

"சம்பந்தி," என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கடித்த இறைச்சியில் உப்பு இல்லாததுபோல் முகம் போனது. "சம்பந்தியப் பலகைல எழுத முடியாதே தம்பி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்தேன். என் பெயரைச் சொன்னதும் மேசை தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றேன்.

"உக்காரு மல்ஹாஸ்," என்றார் ஸெவெரியன். "உன்ன வாழ்த்தத்தான் கூப்பிட்டோம். உன்னாலதான் நம்ம குலத்துக்குத் தொலைஞ்சுபோன பிள்ளை ஒண்ணு திரும்பக் கெடைச்சிருக்கு. புரொபசர் சொல்லுவாரு."

புரொபசர் எலிஸ்பர் எழுந்தார். கால்நடைக் கல்லூரியில் தீவனப் புல் பற்றிப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு வரலாற்றுக்கு வந்தார்.

"மெலுரிட்ஸே மக்களே! பல நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம முன்னோர் ஒருத்தர், வரி வசூலிக்க வந்தவனக் கோடாலியால ஒரே போடா போட்டாரு. போட்டுட்டு நகெராலா கணவாயத் தாண்டி இமெரேத்திக்குப் போனாரு. போய், குலப்பேர மாத்திக்கிட்டாரு. அங்க அவருக்குப் பகோரஷ்விலின்னு பேரு! இதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பீங்க."

யாரும் கேட்கவில்லை.

"ஆதாரம் எதுவும் இல்ல. அதுதான் ஆதாரம்! கொலை பண்ணிட்டு ஓடுறவன் எழுதி வெச்சுட்டா ஓடுவான்? ஒரு சின்ன வரி எங்கயாவது கெடைச்சிருந்தாக்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எல்லா எடத்துலயும் தேடிட்டேன். ஒண்ணும் இல்ல. இவ்வளவு சுத்தமா ஒண்ணும் இல்லாம இருக்குன்னா, அது மறைச்சதுதான்!"

கைத்தட்டல் எழுந்தது. எனக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. எங்கள் நாட்டில் ஒரே குலப்பெயர்க்காரர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை. எந்த மூலையில் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கைதான். பெயரை மாற்றிக்கொண்டு ஓடினாலும் ரத்தம் அதே ரத்தம்.

"அப்போ என் கல்யாணம்?" என்று கேட்டேன்.

"எந்தக் கல்யாணம்?" என்றார் ஸெவெரியன். "தங்கச்சியையா கட்டுவ?"

"நல்ல வேளை, முன்னாடியே தெரிஞ்சுது," என்று பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"தலைவரே, அவரு சம்பந்தியாவே வரட்டுமே. விருந்துக்கு வருவாரு, உங்க பக்கத்துல உக்காருவாரு, போட்டோ எடுத்துக்கலாம்."

"போட்டோல சம்பந்தி நிக்கலாம். பலகைல பங்காளிதான் நிக்கணும். அக்கரைக்காரன் என்ன கேப்பான்? 'இவரு உங்க ஆளா, உங்களுக்குப் பொண்ணு குடுத்த ஆளா?'ன்னு கேப்பான். அந்த அவமானத்தோட நான் சாகணுமா?"

"எனக்கு என்ன வழி?"

"உனக்கு நாட்டுல வேற பொண்ணே இல்லையா? ஆயிரம் பொண்ணு இருக்கு. ஒலிம்பிக்ல தங்கம் வாங்குனவன் எத்தன பேரு இருக்கான், நீயே சொல்லு."

கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் சிசானாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அரசாங்க ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட்டுடுவோம்," என்றாள். "கம்ப்யூட்டருக்குக் கோடாலி தெரியாது."

"போடலாம். அப்புறம் விருந்துக்கு யாரு வருவா? ரெண்டு பள்ளத்தாக்குலயும் ஒருத்தன் நம்ம வாசல்ல ஏற மாட்டான்."

"உங்கம்மா?"

அம்மாவிடம் முந்தின நாளே பேசியிருந்தேன். "நீ அவளக் கட்டுனா நான் ஒண்ணும் சாக மாட்டேன்," என்றாள் அம்மா. "உயிரோட இருந்து, பேசாம இருப்பேன்." இதைச் சொன்னதும் சிசானா என் சிகரெட்டை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். பாதிரியாரையும் பார்த்தாயிற்று. அவர் நல்ல மனிதர். சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே எங்கள் தலையில் கல்யாணக் கிரீடம் வைத்துவிடுவதாகச் சொன்னார். சங்கத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டியவர் ஸெவெரியன்.

"பெரியப்பா இருக்காருல்ல," என்றாள் சிசானா. "இவனுங்க கதையக் கேட்டாருன்னா, ஒரே கையால தூக்கி ஆத்துல போட்டுடுவாரு. வா, போலாம்."

கணவாயைத் தாண்டிப் போனோம். எங்களுக்கு முன்பே சங்கத்தின் வேன் வந்து அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தேனீப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் நெஸ்டோர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, அமைதியான முகம், பொரித்த பூரிபோல் உப்பிய காதுகள். எலிஸ்பர் ஒரு கருவியால் அந்தக் காதை இடுக்கிப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அந்தக் கருவியை எனக்குத் தெரியும். பன்றியின் முதுகுக் கொழுப்பு எவ்வளவு தடிமன் என்று பார்க்க ஸெவெரியன் வைத்திருந்தது.

"மெலுரிட்ஸே காது!" என்றார் எலிஸ்பர். "மலைக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு காது கெடையாது!"

"இது பொறப்புல வந்ததில்லீங்க," என்றார் நெஸ்டோர். "பாயில தேஞ்சு தேஞ்சு இப்படி ஆயிடுச்சு. சின்ன வயசுல எல்லாருக்கும் மாதிரிதான் இருந்துச்சு."

"கேட்டீங்களா தலைவரே? தன்னடக்கம்! நம்ம குலத்தோட ரெண்டாவது அடையாளம்!"

அடுத்து என் காதையும் இடுக்கினார்கள். கருவியின் முள் அசையவில்லை. "உங்கம்மா வழிக் காது," என்று மன்னித்துவிட்டார் எலிஸ்பர்.

ஸெவெரியன் கொண்டுவந்திருந்த மதுவை ஊற்றினார். "சாம்பியன் ஐயா, ஒண்ணு கேக்கறேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. உங்க வாசல்ல கடைசியா ஒரு வண்டி எப்போ வந்து நின்னுச்சு?"

நெஸ்டோர் யோசித்தார். "தேன் வாங்க வந்தாங்க. போன வருஷம்."

"தேனுக்கு வந்தாங்க! நாங்க உங்களுக்காக வந்திருக்கோம். உங்களுக்கு ஒரு பள்ளத்தாக்கு நெறைய அண்ணன் தம்பி இருக்கான். சிலை வைக்கப் போறோம்."

நெஸ்டோர் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் ஆற்றில் போடப்போவதில்லை என்று அப்போது தெரிந்தது.

வேன் போன பிறகு சிசானா கத்தினாள். "பெரியப்பா, எனக்குக் கல்யாணம்!"

"தெரியும்மா. நல்ல பையன்தான்." என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எனக்கு இத்தன சொந்தம் இருக்குன்னு இவ்வளவு நாளா யாருமே சொல்லலையே."

திரும்பி வரும் வழியில் கணவாய் உச்சியில் சிசானா, "நீ அந்தக் குலத்த விட்டு வெளிய வா," என்றாள்.

போய்க் கேட்டேன். பழைய நூலகக் கட்டடத்தில்தான் சங்க அலுவலகம். ஸெவெரியன் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"நீக்குறதெல்லாம் முடியாது தம்பி. செத்தாலும் உறுப்பினர்தான். சொல்லப்போனா அவங்கதான் நல்ல உறுப்பினர், கூட்டத்துல குறுக்கப் பேச மாட்டாங்க. நீ போயிட்டா மேசைய யாரு தூக்குறது?"

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. நம்ம முன்னோர் போன வழி. வரி வசூலிக்கிறவனக் கொல்லு, மலையத் தாண்டு." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

தூக்கமில்லாதவனிடம் இப்படிப்பட்ட நகைச்சுவை சொல்லக்கூடாது. பேருந்து பிடித்து அம்ப்ரொலாவுரியில் இருக்கும் வரி அலுவலகத்துக்குப் போனேன். கொல்லும் எண்ணம் இல்லை. கடுமையாக நாலு வார்த்தை பேசினால் சங்கம் ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்கலாம் என்றுதான். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தார்.

"உங்களத் திட்டலாம்னு வந்திருக்கேன்," என்றேன்.

"எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. உக்காருங்க. பேரு?"

"மல்ஹாஸ் மெலுரிட்ஸே."

"அட! நான் பொறந்த வீடு மெலுரிட்ஸேதான்! தம்பி, காபிக்குச் சக்கரை எவ்வளவு?"

சிசானாவிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"கொல்லப் போனவன் காபி குடிச்சிட்டு வந்திருக்கான்."

"நல்ல காபி."

"ராச்சாக்காரனக் கட்டாதடீன்னு எல்லாரும் சொன்னாங்க. அவன் கொல்றதாயிருந்தாலும் மெதுவாத்தான் கொல்லுவான்னு." பெருமூச்சு விட்டாள். "விடு. நான் பெரியப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பூர்வீகம் பூர்வீகம்னு சொல்றாங்களே, அது எந்த எடம்னு யாராவது காட்டினாங்களான்னு. அவரே கேட்டுக்கட்டும்."

"அதனால என்ன ஆகும்?"

"தெரியல. ஆனா அவரு ஒண்ணு கேட்டாருன்னா, பதில் வர்ற வரைக்கும் உக்கார மாட்டாரு."

அறுவடை முடிந்தது. எங்கள் கல்யாணத்துக்குக் குறித்திருந்த வாரத்திலேயே சங்கத்தின் பெருவிருந்து வைத்தார்கள். மேசைகளை நான்தான் தூக்கிப் போட்டேன். அவரைக்கொட்டை வைத்த ரொட்டி, கோழி, பன்றித் தொடை, பானை பானையாக மது. தேவாலய முற்றத்தில் படுக்கை விரிப்பு போர்த்தி ஒரு சிலை நின்றது. விருந்துத் தலைவரும் ஸெவெரியன்தான். எங்கள் விருந்தில் தலைவர் வாழ்த்து சொல்லாமல் யாரும் குடிக்க முடியாது. சொல்லிவிட்டால் குடிக்காமல் இருக்கவும் முடியாது.

கடவுளுக்கு ஒரு வாழ்த்து, நாட்டுக்கு ஒரு வாழ்த்து. பிறகு விரிப்பை இழுத்தார்கள். சிமெண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. மார்பளவு நெஸ்டோர். காதுகள் தனியாக இரண்டு பேர் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டிய அளவில் இருந்தன. மார்பில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பதக்கம். நெஸ்டோர் அதன் எதிரில் நின்று, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இளைஞர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர்கள் பெயர் பலகையில் வரவில்லை.

ஸெவெரியன் மாட்டுக்கொம்புக் கோப்பை நிறைய மது ஊற்றிக்கொண்டு எழுந்தார். அக்கரைக் குலத்தின் தலைவரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். அவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்தக் கொம்ப, கணவாயத் தாண்டிப் போன நம்ம முன்னோருக்காகத் தூக்குறேன்! அவரு ஒண்ணும் இல்லாதவரா ஓடினாருன்னு யாரும் நெனைக்க வேணாம். ஒண்ணும் இல்லாதவன்கிட்ட வரி கேக்க எவன் வருவான்? இந்த ஊர்லயே பெரிய பணக்காரர் அவர்தான்! தேவாலயத்துக்குப் பின்னால, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழுற சரிவு இருக்கே, அது மொத்தமும் அவரோடது! எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனாரு. மானம்னா அது!"

எல்லோரும் குடித்தோம். குடித்துவிட்டு எல்லோரும் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த சரிவைப் பார்த்தோம். பிறகு ஸெவெரியனைப் பார்த்தோம். அந்தத் திராட்சைத் தோட்டம் அவருடையது. கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது பன்றிகளோடு சேர்ந்து காணாமல் போய், பின்னால் அவர் பெயரில் கண்டெடுக்கப்பட்ட நிலம்.

நெஸ்டோர் எழுந்தார்.

"எனக்குப் பேச வராது," என்றார். "அண்ணன் தம்பிங்களா, என் பொண்ணு சிசானா ஒண்ணு கேட்டா. பூர்வீகம் எந்த எடம்னு கேட்டா. தெரியலம்மா, கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன். நான் கேக்காமலே தலைவர் சொல்லிட்டாரு. ரொம்ப சந்தோஷம். எங்க பக்கம் ஈரம் ஜாஸ்தி, தேனீங்க நோய் வந்து சாகுது. இது வெயில் விழுற சரிவுன்னு சொல்றீங்க. வசந்தத்துல பெட்டிங்களக் கொண்டாந்து வெச்சுக்கறேன். மூலைல சின்னதா ஒரு வீடு கட்டிக்கறேன். கடைசிக் காலத்துல பங்காளிங்க பக்கத்துல இருக்கணும்ல?"

கடைசி மேசைகளில் நிலமில்லாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்துதான் ஆரவாரம் முதலில் கிளம்பியது.

"மூலைல எதுக்கு சாம்பியன்? நடுவுல கட்டுங்க!"

"திராட்சைக் கொடிய வெட்டி எடம் பண்ணித் தர்றோம்!"

அக்கரைத் தலைவர் தன் கோப்பையை உயர்த்தி, "நல்ல குலம்," என்றார்.

ஸெவெரியனின் கொம்பிலிருந்து மது மேசைவிரிப்பில் வழிந்துகொண்டிருந்தது. "அடுத்த வாழ்த்து," என்றார், "மறைந்தவர்களுக்கு. புரொபசர் சொல்லுவாரு. புரொபசர், நல்லா யோசிச்சு சொல்லுங்க."

எலிஸ்பர் எழுந்தார். "வரலாறுங்கறது உயிருள்ள விஞ்ஞானம். விருந்து நடக்கறப்போகூடப் புது உண்மைங்க வரும். அந்த முன்னோர் அந்த நிலத்துல குத்தகைக்குத்தான் இருந்தாருன்னு இப்போ தெரிய வருது."

"குத்தகைன்னாலும் பரவால்ல," என்றார் நெஸ்டோர். அவர் உட்காரவில்லை.

பெற்றோர்களுக்கான வாழ்த்தில், அந்த முன்னோர் மெலுரிட்ஸேக்கள் எடுத்து வளர்த்த பிள்ளை என்று தெரிய வந்தது. "வளத்த பிள்ளையும் பிள்ளைதானே," என்றார் நெஸ்டோர். கடைசி மேசையிலிருந்து, "ஆமா! ஆமா!" என்றார்கள். நெஸ்டோர் நின்றுகொண்டே இருந்தார். சிசானா சொன்னது சரி.

பெண்களுக்கான வாழ்த்தின்போது எலிஸ்பருக்கு வியர்த்து ஊற்றியது. ஸெவெரியனைப் பார்த்தார். ஸெவெரியன் சரிவைப் பார்த்தார்.

"மெலுரிட்ஸே மக்களே!" எலிஸ்பர் மேசையைக் குத்தினார். "உண்மைய இனிமே மறைக்க முடியாது! கோடாலியால வெட்டுனவர் மெலுரிட்ஸே இல்ல. அவரு இமெரேத்தியிலேர்ந்து கூலி வேலைக்கு வந்த பகோரஷ்விலி. வெட்டுப்பட்டுச் செத்தாரே, வரி வசூலிக்க வந்தவரு, அவர்தான் மெலுரிட்ஸே! அரசாங்க அதிகாரி!"

"ஆதாரம்?" என்று அக்கரைத் தலைவர் கேட்டார்.

"ஆதாரம் எதுவும் இல்ல," என்று எலிஸ்பர் ஆரம்பித்தார்.

"அதுதான் ஆதாரம்!" என்று முற்றம் முழுக்க முடித்து வைத்தது.

நெஸ்டோர் ஸெவெரியன் பக்கம் திரும்பினார். "அப்போ எங்க தாத்தா உங்க தாத்தாவக் கொன்னுட்டாரா?"

"ஆமாங்க," என்றார் ஸெவெரியன்.

நெஸ்டோர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க," என்றார். நிஜமாகவே சொன்னார். அந்த முற்றத்தில் அன்று நிஜமாகச் சொல்லப்பட்ட ஒரே வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சாச்சு! மனசார மன்னிச்சாச்சு!" ஸெவெரியன் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. "ரத்தப் பகைக்கு நடுவுல நிலத்தப் பத்திப் பேசுறது ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்ல. அந்தப் பேச்ச விட்டுடுவோம்."

"ரத்தப் பகைன்னா," சிசானா பெண்கள் மேசையிலிருந்து எழுந்தாள். குரல் தேன் மாதிரி இருந்தது. "அத எப்படித் தீக்கணும் தலைவரே? எங்க பக்கமெல்லாம் அப்படி இருந்தா ஒரு வழி சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் நிலத்தப் பங்கு போட்டுக்கறது, இல்லன்னா..."

"கல்யாணம்!" என்று கத்தினார் ஸெவெரியன். "கல்யாணம்தான்! வேற எதுவுமே வேணாம்! மல்ஹாஸ்! எந்திரிடா!"

மேசை தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றேன்.

என் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கொலைகார வீட்டுப் பொண்ணுன்னா பரவால்ல," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "முறை சரியா இருக்கு."

நெஸ்டோரை நாங்கள் இருவரும் வண்டியில் கொண்டுபோய் விட்டோம். கணவாய் வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சிசானா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

"நீங்க கோவமா பெரியப்பா?"

"இல்லம்மா. ஆனா அந்தச் சிலைய என்ன பண்ணுவாங்க?"

கல்யாணத்தன்று அதற்குப் பதில் கிடைத்தது. பாதிரியார் சொன்ன சொல் தவறாமல் கிரீடம் வைத்தார். வழக்கப்படி மணமக்களும் இரு வீட்டாரும் தேவாலயத்திலிருந்து வெளியே வந்து பலகைக்கு முன்னால் நின்று முன்னோருக்குத் தலைவணங்கவேண்டும். பலகையில் நாலாவதாக ஒருவர் வந்திருந்தார். 'கடமையில் உயிர்நீத்த அரசு அதிகாரி.' பெயர் தெரியாததால் பெயர் போடவில்லை.

பக்கத்தில் சிலை நின்றது. இப்போது சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. கிரேன் இல்லாமல் அதை நகர்த்த முடியாது. அதன் பீடத்தில் புதிய பெயர் பொறித்திருந்தார்கள்: சிமோனிகா மெலுரிட்ஸே. குதிரைப்படைத் துறை.

"அவரு மூஞ்சிய யாரும் பாத்ததில்ல," என்று ஸெவெரியன் எங்களுக்கு விளக்கினார். "இப்படித்தான் இருந்திருப்பாரு."

"அந்தப் பதக்கம்?" என்று கேட்டேன்.

"குதிரையோட சேந்து வந்தது."

நெஸ்டோர் தன் முகத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். சிமெண்ட் காதை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, ஸெவெரியனின் தோளில் தன் பெரிய கையைப் போட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு, சம்பந்தி," என்றார். "குதிரை எங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஸெவெரியன் சிரிக்கவில்லை. சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காலடி வைத்துப் பார்த்தார்.

குதிரைக்கு இப்போது ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். மாதிரிக்கு எங்கள் பக்கத்து வீட்டுக் கழுதையின் காதை எலிஸ்பர் வந்து அளந்துகொண்டு போனார்.